தென் துருவத்தில் சூரியன் மறையுமுன்: கேள்வி பதில்

தென் துருவத்தில் உள்ள அமெரிக்க ஆய்வு நிலையமான அமுண்ட்சென்-ஸ்காட்டிலிருந்து கடைசி விமானம் கிளம்புவது பிப்ரவரி நடுவில். ஆண்டில் ஒரே முறை சூரியன் மறைவது மார்ச் 22 வாக்கில். இடையிலுள்ள ஐந்து வாரங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு நிலைய நடைமுறை அறிந்த உறுப்பினர் தரும் பதில்கள்.

கேள்வி: வெளிச்சம் இருக்கும்போதே விமானத்தை ஏன் நிறுத்துகிறார்கள்?

காரணம் இருட்டு அல்ல, குளிர். சராசரி வெப்பநிலை ஜனவரியில் மைனஸ் 28 டிகிரி செல்சியஸ், மார்ச்சில் மைனஸ் 54. பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய எல்சி-130 சரக்கு விமானம் மைனஸ் 50-ஐ நெருங்கினாலே சிக்கல்தான். ஹைட்ராலிக் எண்ணெய் குழம்பாகும், ரப்பர் சீல் விறைத்துக் கசியும். 2001 ஏப்ரலிலும் 2016 ஜூனிலும் நோயாளிகளை அழைத்துப்போக ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானம் வந்தது உண்மை. அதை நம்பித் திட்டமிடக் கூடாது. பிப்ரவரிக்குள் வராத உதிரி பாகம் அக்டோபர் கடைசி வரை வராது என்றே கணக்கு.

கேள்வி: ஐயா, அந்தக் குளிரில் எரிபொருள் உறையாதா?

அங்கே எரிப்பது ஏஎன்-8 என்ற ஜெட் எரிபொருள். உறைநிலை மைனஸ் 58. குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 70-கூட சாதாரணம். அதனால் தொட்டிகளைத் திறந்தவெளியில் வைக்காமல், பனிக்கு அடியில் வளைவுக் கூரைக்குள் வைத்திருக்கிறார்கள். பனியின் உள்ளே ஆண்டு முழுக்க மைனஸ் 50-ஐ ஒட்டியே இருக்கும். பெரிய ஜெனரேட்டர்கள் மூன்று. ஒன்று ஓடும், மற்றவை மாற்றுக்கும் பராமரிப்புக்கும். அவற்றின் வீண் வெப்பத்தைக் கிளைகால் என்ற உறையாத திரவம் ஓடும் குழாய்கள் வாங்கிக்கொண்டு கட்டடத்தையும் தண்ணீர் எடுக்கும் கிணற்றையும் சூடாக்குகின்றன. ஆகவே ஜெனரேட்டர் நின்றால் மின்சாரம், சூடு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து போகும். இதற்காகவே கட்டடத்தின் ஒரு பிரிவுக்குத் தனி அவசர ஜெனரேட்டர் உண்டு. எல்லாரும் அந்தப் பிரிவுக்குள் ஒதுங்கிப் பிழைக்கலாம்.

கேள்வி: சுற்றிலும் பனி, குளியல் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நிமிடம். ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

தண்ணீருக்குப் பஞ்சமில்லை, உருக்கும் வெப்பத்துக்குத்தான் பஞ்சம். மைனஸ் 50-ல் இருக்கும் ஒரு கிலோ பனியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சுமார் 100 கிலோஜூல், உருக்க 334. கூட்டினால், ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீரைக் கொதிநிலைக்கு ஏற்றும் வெப்பத்தைவிடச் சற்றே அதிகம். பனியில் ஆழமாகத் துளையிட்டு, சூடான நீரைச் சுழலவிட்டு, அடியில் ஒரு குளத்தை உருக்கி வைக்கிறார்கள். ராட்ரிகஸ் கிணறு என்று பெயர். சுழற்சி நின்றால் குளம் ஓரத்திலிருந்து உறையத் தொடங்கும். ஆண்டுக்காண்டு ஆழம் கூடி, நீரை மேலேற்றுவது கட்டுப்படியாகாதபோது புதுக் கிணறு. பழைய குழியில் கழிவுநீர். குளிக்கும் முறை எளிது: நனைத்துக்கொண்டு குழாயை மூடு, சோப்புப் போடு, பிறகு திறந்து அலசு.

கேள்வி: ஒரே நாளில் இருட்டிவிடுமா?

இல்லை. சூரியன் தொடுவானத்தைச் சுற்றிக்கொண்டே நாளுக்கு 0.4 டிகிரி இறங்கும். வட்டின் அகலமே அரை டிகிரிக்கு மேல் என்பதால் முழுதும் மறைய முப்பது மணி நேரத்துக்கு மேலாகும். ஏப்ரல் முதல் வாரம் வரை வெளியே வேலை செய்யும் அளவு அந்தி வெளிச்சம் இருக்கும். முழு இருள் மே இரண்டாம் வாரத்தில்தான்.

கேள்வி: கொடி நடுவதை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

தொலைநோக்கிகள் இருக்கும், 'இருட்டுப் பகுதி' (Dark Sector) என்று பெயரிட்ட இடம் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பனிப்புழுதி கிளம்பினால் கையளவு தூரமும் தெரியாது. மூங்கில் கழிகளில் துணிக்கொடி கட்டி வரிசையாக நடுவார்கள். இறுகிய பனியில் துளையிட்டுத்தான் கழியை இறக்க வேண்டும். சும்மா குத்தினால் சாய்ந்துவிடும். இடைவெளிக்கு ஒரே விதிதான்: மோசமான வானிலையிலும் ஒரு கொடியருகே நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். சிவப்பும் பச்சையும் பாதுகாப்பான வழி, கறுப்பு ஆபத்து. மைனஸ் 60-ல் இந்த வேலைக்கு விரல் ஒத்துழைக்காது, மார்ச்சுக்குள் முடிப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ஜன்னல்களை அடைப்பது தொலைநோக்கிகளுக்காகவா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அங்குள்ள 10 மீட்டர் தொலைநோக்கி பார்ப்பது மில்லிமீட்டர் அலைகளை, அறை விளக்கு அதைப் பாதிக்காது. வானில் தோன்றும் துருவ ஒளியைப் (அரோரா) படமெடுக்கும் கேமராக்களுக்காகவே ஜன்னல் அடைப்பு.

கேள்வி: அப்படியானால் வெளியே டார்ச்?

அந்தக் கேமராக்களுக்குத் தொந்தரவு வராமலிருக்கச் சிவப்பு ஒளி தலைவிளக்கு. லித்தியம் பேட்டரி போடுங்கள், அல்கலைன் சீக்கிரம் செத்துவிடும். மாற்று பேட்டரி மேல்கோட்டில் அல்ல, உடம்பை ஒட்டிய உள்பையில் இருக்க வேண்டும்.