நாண் எடுத்த இடம்தான் முதல்ல நோகும்: ஏசிஎல் ஒப்பரேஷன் செஞ்ச தம்பிக்கு ஒரு பதில்

கிண்ணியாவில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயசு 23, புட்போல் விளையாடேக்க கால் ஊண்டித் திரும்பினதில முழங்கால் சவ்வு, அதான் ஏசிஎல், முழுசா அறுந்து ஒப்பரேஷன் செஞ்சு இப்ப ஆறாவது கிழமை. அறுந்த சவ்வுக்குப் பதிலா பின்தொடையில இருந்து நாண், அதான் தசையை எலும்போட பிடிச்சு வைக்கிற கயிறு மாதிரியான பகுதி, எடுத்து வச்சிருக்காங்க. போன கிழமை கீழ கிடந்த செருப்பைக் குனிஞ்சு எடுக்கேக்க பின்தொடையில 'டக்' எண்டு ஒரு சத்தம், ரெண்டு நாளில தொடை கறுத்து அந்தக் கறுப்பு கெண்டைக்கால் வரைக்கும் இறங்கிட்டு. நிலாவெளியில இருக்கிற அவர்ட கூட்டாளிக்கு முழங்கால் சிரட்டைக்குக் கீழ இருக்கிற நாணை எடுத்துத்தான் செஞ்சதாம், அவருக்கு பின்தொடையில ஒரு நோவும் இல்லயாம். வச்ச நாண் அறுந்துட்டா, நான் பிழையான நாணுக்கு ஓம் சொல்லிட்டனா, தொழுகையில முழங்கால் ஊண்டி நெற்றியை நிலத்தில வைக்கிற சுஜூதை எப்ப செய்யலாம், இதுதான் தம்பி கேக்கிற மூண்டும்.

தம்பி, முதல்ல பயத்தை இறக்கி வைங்க. நீங்க எழுதியிருக்கிற மாதிரிப் பார்த்தா அறுந்தது உள்ள வச்ச நாண் இல்ல, நாண் எடுத்த இடத்தில ஆறிக்கொண்டு வந்த தழும்புதான் இழுபட்டிருக்கும் போல. பின்தொடை நாண் எடுத்த ஆக்களுக்கு முதல் ரெண்டு மாசத்துக்குள்ள இது நடக்கிறதுதான், குனியேக்க, சப்பாத்தை குதிக்காலால இழுத்துக் கழட்டேக்க, வழுக்கி ஒரு எட்டு நீட்டி வைக்கேக்க. ரத்தம் கசிஞ்சு தோலுக்குக் கீழால இறங்கிறதாலதான் கெண்டைக்கால் வரைக்கும் கறுக்குது. உள்ள வச்சது அறுந்திருந்தா முழங்கால்தான் சில மணித்தியாலத்துக்குள்ள பந்து மாதிரி வீங்கியிருக்கும், படி இறங்கேக்க கால் விட்டுக் குடுக்கும். உங்களுக்கு முழங்கால் வீங்கல்ல எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க.

ஆனா இதை வாசிச்சிட்டு வீட்டில இருந்திட வேணாம். நான் பிசியோ, கால்ல கை வச்சுப் பார்க்காம முடிவு சொல்ல ஏலாது. கெண்டைக்கால் மற்றக் காலை விடத் தடிச்சு, சூடா, அமத்தினா நோகுற மாதிரி இருந்தா அது ரத்தக்கட்டியாவும் இருக்கலாம், அப்பிடியெண்டா கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காம இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதோட மூச்சு வாங்கினா, நெஞ்சு நொந்தா ஒரு நிமிஷமும் யோசிக்கக் கூடாது. இந்தக் காரணத்துக்காகவேதான் சொல்றன், வீட்டில பெரியாக்கள் பாசத்தில சொன்னாலும் எண்ணெய் போட்டு கெண்டைக்காலை உருவ விடாதீங்க, கட்டி இருந்தா அது கழண்டு நுரையீரலுக்குப் போயிடலாம்.

இனி நோவைப் பற்றி, ஏனெண்டா கன பேர் இதைத்தான் பிழையா விளங்கி வச்சிருக்கிறாங்க. இந்த ஒப்பரேஷனில காயம் ஒண்டில்ல, ரெண்டு. ஒண்டு முழங்காலுக்குள்ள எலும்பைத் துளைச்சு நாணை வச்ச இடம், மற்றது நாணை எடுத்த இடம். வச்ச நாணுக்கு இப்ப ரத்த ஓட்டமும் இல்ல, நரம்பும் இல்ல, அதுக்கு நோகவே தெரியாது! உடம்பு மெல்ல மெல்ல புது ரத்தக்குழாய் விட்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள மாசக்கணக்கில எடுக்கும், அந்த வேலை நடக்கேக்க நாண் முதல்ல பலம் குறைஞ்சுதான் பிறகு கூடும், ஆறாம் கிழமையில இருந்து பன்னிரண்டாம் கிழமை வரைக்கும்தான் அது ஆகவும் பலவீனமா இருக்கிற காலம். அதே நேரம்தான் நோ குறைஞ்சு, வீக்கம் வத்தி, ஊன்றுகோலையும் விட்டுட்டு மனுசன் எனக்கு சரியாகிட்டு எண்டு நினைக்கிறதும். நோ இல்லாததை நம்பி ஓடிப் பார்த்து கெடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்த எனக்கு இதைச் சொல்லேக்க இப்பவும் மனசு கனக்குது.

உங்கட கூட்டாளியின்ட கதைக்கு வாறன். அவருக்கு சிரட்டைக்குக் கீழ உள்ள நாணின்ட நடுப்பகுதியை, ஒரு சென்ரிமீற்றர் அளவு அகலத்தில, ரெண்டு நுனியிலயும் சின்ன எலும்புத் துண்டோட எடுத்திருப்பாங்க. எலும்பு எலும்போட ஒட்டுறதால உள்ள அது வேகமாப் பிடிக்கும், ஆறு எட்டுக் கிழமையில. உங்கட மாதிரி வெறும் நாண் எலும்போட ஒட்ட எட்டில இருந்து பன்னிரண்டு கிழமை வேணும். நோர்வே, டென்மார்க் நாடுகளில இந்த ஒப்பரேஷன் செஞ்ச ஆக்களைப் பதிஞ்சு வச்ச பெரிய பதிவேடுகளிலயும் சிரட்டை நாண் வச்ச ஆக்களுக்கு திரும்பவும் ஒப்பரேஷன் தேவைப்படுறது கொஞ்சம் குறைவுதான். ஆனா அதுக்கு அவர் குடுக்கிற விலை முன்பக்கத்தில இருக்கு. அவரிட்டக் கேட்டுப் பாருங்க, மாபிள் நிலத்தில முழங்கால் ஊண்ட ஏலுதா, படி இறங்கேக்க சிரட்டைக்குக் கீழ குத்துதா எண்டு. சிலருக்கு அந்த முழங்கால் ஊண்டுற நோ வருசக்கணக்கில இருக்கும். அஞ்சு நேரமும் சுஜூதுக்குப் போற உங்களுக்கு பின்தொடை நாணை எடுத்தது பிழை எண்டு நான் சொல்லவே மாட்டன், உங்கட சேர்ஜன் அதையும் யோசிச்சிருக்கலாம். கோயில், சேர்ச் எண்டு முழங்கால் ஊண்டுற ஆக்கள், கீழ குந்தி வலை பொத்துறவங்க, இவங்க எல்லாரும் ஒப்பரேஷனுக்கு முதலே இதை வாய் திறந்து சொல்ல வேணும்.

சிரட்டைக்கு மேல உள்ள தொடை நாணை எடுத்தா நோவும் மேலதான், முழங்கால் ஊண்டுறது அவ்வளவு கஷ்டமில்ல, ஆனா முன்தொடை பலம் திரும்ப நாள் எடுக்கும். கணுக்காலுக்கு வெளிப்பக்கத்தில இருந்து எடுக்கிறதும் இருக்கு, அதுக்கு கணுக்கால் பக்கம் கொஞ்ச நாள் நோகும்.

பின்தொடையில எடுத்த நாண் பல பேருக்கு பல்லி வால் மாதிரி திரும்பவும் வளருது எண்டது உங்களுக்கு ஆறுதலா இருக்கும். பழைய மாதிரி அச்சா வராது, கால் ஆழமா மடிக்கேக்க பலம் கொஞ்சம் குறைவா இருக்கலாம். சிரட்டைக்குக் கீழ தழும்புக்கு வெளிப்பக்கமா மரத்துப்போன மாதிரி இருந்தாலும் பயப்பிட வேணாம், தோலுக்குப் போற சின்ன நரம்புக் கிளை வெட்டுற இடத்தில போறதாலதான் அது, மரத்த இடம் மாசம் போகப்போக சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

இப்ப ரெண்டு மூண்டு கிழமைக்கு நடக்கேக்க எட்டைச் சின்னதா வைங்க, முழங்காலை நீட்டி வச்சுக்கொண்டு குனியாதீங்க, குதிக்காலால எதையும் இழுக்காதீங்க, பின்தொடைக்கு எண்டு தந்த பயிற்சியை உங்கட பிசியோ பார்த்து ஓம் சொல்லும் வரைக்கும் நிப்பாட்டுங்க. மற்றப் பயிற்சியை நிப்பாட்ட வேணாம், முக்கியமா காலை முழுசா நீட்டுறதை. படுக்கேக்க முழங்காலுக்குக் கீழ தலகணி வைக்கிற பழக்கம் இருந்தா இண்டைக்கே விடுங்க, அது சுகமா இருக்கும் ஆனா கால் வளைஞ்ச மாதிரியே இறுகிப்போகும், துவாயைச் சுருட்டி குதிக்காலுக்குக் கீழ வைச்சு முழங்காலைத் தொங்க விடுங்க. முழங்கால் வீங்கியிருந்தா முன்தொடை தசை தானா வேலை செய்ய மறுக்கும், அதால ஐஸை துணியில சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க. கன்னியா வெந்நீர்க் கிணறுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி உம்மா சொல்றாங்க எண்டு எழுதியிருந்தீங்க, கிணறு ஏழும் எங்கயும் போகாது, வீக்கம் போய் தையல் இடம் எல்லாம் நல்லா ஆறின பிறகு போகலாம்.

குளிசை விசயத்தில எங்கட ஊருக்கெண்டே ஒண்டு சொல்ல வேணும். நோவுக்கு டைக்ளோபெனாக் வாங்கிப் போடுற பழக்கம் இருக்கு, ஆனா காய்ச்சல் வந்தா அதைத் தொடவே தொடாதீங்க. 2017ல கிண்ணியா டெங்குவில பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. டெங்கு எண்டா அந்தக் குளிசையால ரத்தம் கசியும், முழங்காலில கிருமி பிடிச்சிருந்தா அது காய்ச்சலை மறைச்சிடும். காய்ச்சலோட முழங்கால் சிவந்து, காயத்தால நீர் வந்தா அண்டைக்கே காட்டுங்க.

சுஜூதுக்கு இப்ப கதிரைதான். நாலு மாசம் அளவில கால் மற்றக் கால் மாதிரி முழுசா மடங்கி, சேர்ஜனும் ஓம் எண்டா, முதல்ல கட்டிலில மெத்தைக்கு மேல முழங்கால் ஊண்டிப் பாருங்க, அடுத்த நாள் வீக்கம் இல்லாட்டி பாயில தலகணி போட்டு, பிறகு வெறும் பாயில. தொழுகையின்ட கடைசி இருப்பில குதிக்கால் மேல இருக்கிறதுதான் ஆகக் கஷ்டம், அதை எல்லாத்துக்கும் பிறகு செஞ்சு பாருங்க. புட்போல் ஒன்பது மாசத்துக்கு முதல் வேணாம், 2016ல வந்த நோர்வே, அமெரிக்க ஆய்வு ஒண்டில ஒன்பதாம் மாசம் வரைக்கும் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் திரும்பக் காயப்படுற வீதம் பாதியளவு குறைஞ்சது. ஒன்பது மாசம் முடிஞ்சிட்டு எண்டு மட்டும் கிரவுண்டுக்கு இறங்காம, ஒத்தக் காலில பாய்ஞ்சு பார்க்கிற சோதனையில ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒண்டா வருதா எண்டு பிசியோவிட்ட அளந்து பார்த்திட்டுப் போங்க.