கணினிக் கேள்வி பதில்: சோர்ஸ் இறக்கினேன், ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லையே!

கேள்வி: புரொஜெக்ட்டுக்காக, நிரல்களுக்கிடையே செய்தி கடத்துகிற அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ மென்பொருளை இறக்கினேன். ஜிப்பை விரித்துப் பார்த்தால் முழுக்க ஜாவா கோப்புகள், ஓட்டுவதற்கு எதுவுமே இல்லை. வகுப்பில் ஒருவர் பென்ட்ரைவில் அதன் 5.15.9 பதிப்பை வைத்திருக்கிறார், போட்டவுடன் ஓடும் என்கிறார். அதையே எடுக்கட்டா?
(மாணவி, உப்புவெளி)

பதில்: எடுக்காதீர்கள் தங்கச்சி. காரணத்தைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் ஆக்டிவ்எம்கியூவில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. 61616 என்ற போர்ட்டை (இணைப்பு வரும் வாசலை) எட்ட முடிந்த யாரும் உங்கள் கணினியில் தங்கள் கட்டளையை ஓட்டலாம் என்ற அளவுக்கு மோசம், ஆபத்து 10க்கு 10 என்று மதிப்பிட்டார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற கும்பல்களும் அதைப் பயன்படுத்தின. 5.15 வரிசையில் அதை அடைத்தது 5.15.16இல்தான். உங்கள் நண்பரிடம் இருப்பது அதற்கு முந்தியது. வளாக வைஃபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, உங்கள் ஜிப்புக்கு வருவோம். அதன் பெயரின் கடைசியில் 'சோர்ஸ்-ரிலீஸ்' என்று இருக்கும், பாருங்கள். அப்பாச்சிக்காரர்களுக்கு அதிகாரபூர்வ வெளியீடு என்றால் சோர்ஸ், அதாவது எழுதிய மூலநிரல்தான், 'பின்' என்று முடிகிற ஆயத்தக் கோப்பு நம் வசதிக்காகக் கூடவே தரப்படுவது. அவசரம் என்றால் 'பின்' கோப்பை இறக்கி இன்றே ஓட்டலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு தடவையாவது சோர்ஸிலிருந்து பில்ட் பண்ணி, அதாவது ஓடுகிற வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள் என்று மனசாரச் சொல்வேன், உள்ளே எது எதோடு சேருகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

எதை இறக்கினாலும் முதலில் ஷா-512 பாருங்கள், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டுகிற கணக்கு அது. ஜிப்பின் பக்கத்திலேயே 'ஷா512' என்று முடிகிற சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். லினக்ஸில் 'ஷா512சம்' கட்டளையை உங்கள் ஜிப்புக்குக் கொடுத்தால் வருகிற நீள எழுத்து வரிசையும் அந்தக் கோப்பில் உள்ளதும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். அந்தச் சின்னக் கோப்பை மட்டும் அப்பாச்சியின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். ஜிப்பை வேறொரு தளத்தில் எடுத்துவிட்டு அதன் கணக்கையும் அங்கேயே எடுத்தால், மாற்றியவன் இரண்டையும் சேர்த்தே மாற்றியிருப்பான். 'ஏஎஸ்சி' என்று முடிகிற கையொப்பக் கோப்பை ஜிபிஜி என்ற கருவியால் சரிபார்ப்பது அடுத்த படி, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

இனி பில்ட். ஆக்டிவ்எம்கியூ 6 வரிசைக்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும், அதுவும் ஜேடிகே, அதாவது கம்பைலரும் சேர்ந்த ஜாவா. ஓட்டுவதற்கு மட்டும் உதவுவது ஜேஆர்ஈ. இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். கணினியில் ஜாவா இருக்கிறது, வெர்ஷனும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் பில்ட் பண்ணுகிற கருவியான மேவன் பாதியில் நின்று 'கம்பைலர் இல்லை, ஜேடிகேக்குப் பதிலாக ஜேஆர்ஈயில் ஓடுகிறீர்களோ' என்று கேட்கும். கேட்கிறபடியே ஜேடிகேயைப் போடுங்கள், வேறு தேட வேண்டாம். திரையில் நூறு வரி சிவப்பாக ஓடும்போது கடைசி வரியைப் பார்த்துப் பயப்படாமல் மேலே போய் முதல் பிழையைப் படியுங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் பின்னால் வந்தவைதான்.

கட்டளை 'எம்விஎன் கிளீன் இன்ஸ்டால்', அதோடு 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' சேருங்கள். டெஸ்ட்களையும் ஓட்டவிட்டால் மணிக்கணக்கில் போகும். முதல் தடவை மேவன் தனக்கு வேண்டிய ஜார்களை (ஜாவா நூலகக் கோப்புகளை) எல்லாம் இணையத்திலிருந்து இழுக்கும், அதைப் போன் டேட்டாவில் செய்யாதீர்கள். நான் 2022 மார்ச்சில், கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில், இதே வேலையை மூன்று தடவை பாதியில் விட்டிருக்கிறேன். அப்போதுதான் உறைத்தது, இறங்கிய ஜார்கள் எங்கும் போவதில்லை, ஹோம் ஃபோல்டரில் 'எம்2' என்று மறைந்திருக்கிற ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். திரும்ப ஓட்டினால் விட்ட இடத்துக்குப் பிறகு உள்ளதை மட்டும் இழுக்கும். எந்த மொட்யூலில் நின்றது என்பதை 'ஆர்எஃப்' தெரிவோடு கொடுத்தால் அங்கிருந்தே தொடரும், கிளீனை மட்டும் அந்தத் தடவை விட்டுவிடுங்கள். வளாகத்தில் ஒரு தடவை முழுதாக இறக்கிவிட்டால் வீட்டில் ஆஃப்லைனாகவே பில்ட் பண்ணலாம்.

முடிந்ததும் 'அசெம்பிளி' ஃபோல்டருக்குள் 'டார்கெட்'டைத் திறந்து பாருங்கள். முதலில் தேடிய அதே 'பின்' கோப்பு, இந்த முறை உங்கள் கையால் செய்தது, அங்கே இருக்கும்.

கேள்வி: உபுண்டு லினக்ஸின் நிறுவியில் ஏபிடி இன்ஸ்டால் என்று ஒரு வரியில் முடிகிறதை ஏன் கஷ்டப்பட்டு பில்ட் பண்ண வேண்டும்?
(நிலாவெளி வாசகர்)

பதில்: பெரும்பாலும் வேண்டாம். ஏபிடியில் வருவதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும்பாலும் அப்டேட்டோடு வந்து சேரும். நீங்களே பில்ட் பண்ணினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். ஏபிடியில் உள்ளது மிகப் பழையது, அல்லது கோடில் ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது படிக்க வேண்டும், இப்படி ஒரு காரணம் இருந்தால் பில்ட் பண்ணுங்கள்.

கேள்வி: மீன் ஐஸ் பெட்டிகளின் வெப்பநிலையை ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு சில்லு) சென்சரால் அளந்து ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு அனுப்பப் பார்க்கிறேன். அங்கே செய்திகளை வாங்கிக் கொடுக்கிற மொஸ்கிட்டோ 2.0ஐ சோர்ஸிலிருந்து பில்ட் பண்ணினேன், முதலில் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர் இல்லை என்றது, அதைச் சரி செய்தேன், பிறகு மேன் பக்கங்களில் (உதவி ஆவணங்களில்) நின்றுவிட்டது. எப்படியோ ஓட வைத்தேன். ராஸ்பெரி பைக்குள்ளேயே எல்லாம் வேலை செய்கிறது, சென்சர் மட்டும் இணையவே மாட்டேன் என்கிறது.
(கிண்ணியா இளைஞர்)

பதில்: தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன். படகு விடியக்காலை 4 மணிக்குக் கரைக்கு வரும், லொறி 7 மணிக்கு வரும், இடையில் மீனைக் காப்பது ஐஸ் பெட்டி. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே நேரத்தில் நிற்கத் தேவையில்லாமல் செய்திக்கு அந்த வேலையைப் பார்ப்பதுதான் புரோக்கர், மொஸ்கிட்டோ அப்படி ஒன்று. அது பேசுகிற எம்கியூடிடி என்ற மொழியும் உங்கள் தேவை மாதிரி ஒன்றுக்காகவே பிறந்தது. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க, விலை கூடிய மெலிந்த இணைப்பிலும் ஓடுகிற மாதிரி அதை அமைத்தார்கள்.

மேன் பக்கங்களில் நிற்பதற்குக் காரணம் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற ஆவணக் கருவி இல்லாதது. ஆவணம் வேண்டாம் என்றால் 'மேக் பைனரி' போதும்.

சென்சர் இணையாதது உங்கள் பிழை இல்லை. 2.0இலிருந்து, கான்ஃபிக் கோப்பு கொடுக்காமல் ஓட்டினால் மொஸ்கிட்டோ அந்தக் கணினிக்குள்ளிருந்து வருகிற இணைப்பை மட்டுமே ஏற்கும். கான்ஃபிக்கில் 'லிசனர் 1883' என்று ஒரு வரி எழுதுங்கள். அதோடு பெயர் தெரியாதவரையும் அனுமதி என்கிற 'அலவ் அனானிமஸ் ட்ரூ' வரியையும் போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள், தயவு செய்து போடாதீர்கள். 'மொஸ்கிட்டோ பாஸ்வேர்ட்' என்ற சின்னக் கருவி கூடவே வந்திருக்கும். அதால் சென்சருக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கி, அந்தக் கோப்பின் பாதையை கான்ஃபிக்கில் கொடுங்கள். 5 நிமிட வேலை.

இன்னொன்று. ஈஎஸ்பி32க்கு நிரல் எழுதுகிற ஆர்டுயினோவில் பலரும் எடுக்கிற பப்சப்கிளையண்ட் நூலகம் செய்தியைக் கியூஓஎஸ் 0இல் மட்டுமே அனுப்பும், அதாவது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. கரையோரத்தில் வைஃபை விட்டு விட்டு வந்தால் இடையில் உள்ள அளவுகள் காணாமல் போகும், ஐஸ் கரைந்த அந்த அரை மணி நேரமே அதில் போய்விடலாம். போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வாங்குகிற கியூஓஎஸ் 1 தருகிற நூலகத்துக்கு மாறுங்கள். இணைப்பு இல்லாத நேரத்து அளவுகளைச் சென்சரின் நினைவகத்தில் நேரத்தோடு எழுதி வைத்து, இணைந்ததும் அனுப்புகிற மாதிரி கோடையும் திருத்துங்கள்.