கோடையில் நண்பனோடு மோட்டார் சைக்கிளில் வன்னியைச் சுற்றி வரலாமா?

கோடை லீவில் நண்பனோடு மோட்டார் சைக்கிளில் இலங்கையின் வடக்கே வன்னிப் பக்கம் நீண்ட பயணம் போக யோசிப்பதாகவும், போய்வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லும்படியும் கேட்டிருக்கிறீர்கள். நான் வவுனியாக்காரன். போன வருசம் ஆனி மாதம், கூடப் படித்தவன் ஒருவனோடு வன்னியை ஒரு வட்டம் அடித்தேன். ஊர்க்காரனாக இருந்தும் அதுவரை பாதி இடங்களைப் பஸ் யன்னலால்தான் பார்த்திருந்தேன்.

நாங்கள் போன பாதை இதுதான். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் மாங்குளம் வரை போய், கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. அங்கிருந்து ஏ35 இல் பரந்தன், பிறகு பூநகரி. பூநகரியிலிருந்து ஏ32 இல் தெற்கே இறங்கி மன்னார், கடைசியாக மடுச் சந்தியைத் தாண்டி வவுனியா. எல்லாம் சேர்த்து 350 கிலோமீற்றர் அளவில் வரும். மூன்று நாள் எடுத்தோம். ஒரே நாளில் ஓடி முடித்தேன் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். எங்கே தேத்தண்ணி குடித்தாய் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

பைக் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு எங்கள் பக்கம் எல்லாருமே பழசைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். என்னுடையதும் பழைய 150 சிசிதான், இரண்டு பேரையும் இரண்டு பையையும் முனகாமல் சுமந்தது. வெளிக்கிட முதல் செயினுக்கு எண்ணெய், பிறேக், ரயரில் காற்று, இவ்வளவும் பாருங்கள். காற்றைக் காலையில் ரயர் சூடாக முதல் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெற் கட்டாயம். லைசென்ஸ், இன்சூரன்ஸ், வரிப்பத்திரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றி. வன்னிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். ஆனியில் குளங்கள் எல்லாம் நடுவுக்குச் சுருங்கிப் போயிருக்கும், றோட்டில் தார் மினுங்கும். ஆறு மணிக்கு வெளிக்கிட்டு பத்தரைக்குள் ஓட்டத்தை நிறுத்தினோம், பின்னேரம் நாலுக்குப் பிறகுதான் மறுபடி எடுத்தோம். நடுவில் எங்கேயாவது குளக்கட்டு மருத மரத்துக்குக் கீழே படுக்கை. பனையை நம்பி நிற்காதீர்கள், அது தன் காலுக்கே நிழல் தராது. முழுக்கைச் சட்டை போடுங்கள். நான் முதல் நாள் வீரம் காட்டி அரைக்கையோடு போய் இரண்டு கையும் தோலுரிந்து வந்தவன்.

மாங்குளம் தாண்டினால் ஒட்டுசுட்டான் வரை பல இடங்களில் காடு இருக்கிறது, காலையில் அந்தத் துண்டு சொர்க்கம். பொழுதுபட்டபிறகு மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம், யானை வரும். ஏ9 இல் யானைக்குப் பதில் மாடு படுத்திருக்கும், இருட்டில் லைற் அடித்தாலும் எழும்பாது. வழியில் ஒரு அம்மா விற்ற பாலைப்பழத்தை ஆசைக்கு அள்ளிச் சாப்பிட்டு, உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒழுங்காகக் கதைக்க முடியாமல் இருந்தோம்.

இரண்டாம் நாள் காலை முல்லைத்தீவில் நண்பன் பைக் சாவியைக் கேட்டான். அதுவரை பின்னால் இருந்து வந்தவன். அவனுடைய ஊர் பரந்தன். 2008 கடைசியில், யுத்தம் நெருங்கியபோது, பதினொரு வயதில் உழவு மெசினில் சாமான்களுக்கு மேல் ஏறியிருந்து இடம்பெயர்ந்தவன். நான் வவுனியாவில் இருந்ததால் அந்த நாட்களை அவன் சொல்லித்தான் தெரியும், அவன் அதிகம் சொன்னதுமில்லை. முல்லைத்தீவைத் தாண்டியதும் வரும் வட்டுவாகல் பாலம் ஒடுங்கிய பழைய பாலம். எதிரே வந்த வாகனத்துக்கு வழிவிட்டு ஓரத்தில் நின்றபோது சொன்னான்: "மச்சான், இந்த றோட்டால நான் ஒரு பக்கம்தான் போயிருக்கிறன். திரும்பி வந்ததில்லை."

யோசித்துப் பார்த்தால் சரிதான். 2009 இல் யுத்தம் முடிகிற நேரம் பாலத்தைத் தாண்டி வந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி ஓமந்தைக்கும் பிறகு செட்டிகுளம் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவன் பரந்தனுக்குப் போவதெல்லாம் வவுனியாவிலிருந்து ஏ9 ஆல். பாலத்தைக் கடந்ததும் அவன் ஊர்ப் பெயர்களைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம். ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் இருந்தார்கள், எங்கே பங்கர் வெட்டினார்கள், எங்கே உழவு மெசினைக் கைவிட்டார்கள் என்பதையும் சொன்னான். காற்றில் பாதி கேட்கவில்லை. திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் 50 கிலோமீற்றர் சொச்சம்தான். அவன் குடும்பத்துக்கு அந்தத் தூரம் ஐந்து மாதம் எடுத்தது. விசுவமட்டில் இளநீருக்கு நிறுத்தியதையும் சேர்த்து எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம்.

பரந்தன் சந்தியில் பைக்கை நிறுத்திவிட்டு, "முறிகண்டிக்குப் போய்க் கும்பிட்டிட்டு வருவமா?" என்றான். ஏ9 ஆல் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போவதில்லை, கச்சான் (நிலக்கடலை) வாங்காமலும் போவதில்லை. நாங்கள் மாங்குளத்திலேயே திரும்பிவிட்டதால் அவர் தவறிப்போனார். போய்வர நாற்பது கிலோமீற்றர் வரும், வெயில் ஏறுகிறது என்று நான்தான் மறுத்தேன். பூநகரியில் வெயிலைக் கழித்துவிட்டு நாலரைக்கு எடுத்தோம். முழங்காவிலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது பின் ரயர் காற்றுப் போனது. கடையுமில்லை, மரமுமில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. "கச்சானாவது வாங்கியிருக்கலாம்" என்றான், அவ்வளவுதான். அரை மணித்தியாலம் தள்ளியபிறகு லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெசின்) வந்த ஒரு ஐயா பைக்கையும் எங்களையும் பெட்டியில் ஏற்றி முழங்காவில் ஒட்டுக்கடையில் இறக்கினார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆகவே ஏ32 இல் போகிறவர்கள் ஒரு ரியூப்பும் கைப்பம்பும் கொண்டுபோங்கள், கழற்றவும் பழகிக்கொள்ளுங்கள்.

அன்றிரவு முழங்காவிலிலேயே தங்கவேண்டியதாயிற்று. அடுத்தநாள் மன்னார் வரை சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) எதிரிலும் பக்கத்திலும் மாறி மாறி அடித்தது, திறந்த வெளியில் ஐம்பதுக்கு மேல் ஓட முடியவில்லை. மன்னார் ரவுணில் கழுதைகள் நடுறோட்டில் நிற்கும், ஹோர்ன் அடித்துப் பயனில்லை. மதியம் மீன் குழம்போடு சோறு, பின்னேரம் மடு மாதா கோவிலில் கொஞ்ச நேரம், இருட்ட முதல் வவுனியா.

அடுத்த கிழமை அவன் பரந்தனுக்குப் பஸ்ஸில் போனான். முறிகண்டியில் பஸ் நின்றபோது ஒரு படம் அனுப்பினான், இரண்டு தேங்காய் உடைத்துக் கிடந்தது. கீழே எழுதியிருந்தான்: "ஒண்டு உன்ர ரயருக்கு."