பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதா?
பெங்களூரு வாசகர்களின் தேர்தல் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வேட்பாளர் தமிழர். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். எதிர்த்தரப்பினர் ‘வெளியூர்க்காரன்’ என்று மைக் வைத்துப் பேசுகிறார்கள். ‘தமிழர் ஓட்டு தமிழருக்கே’ என்று நோட்டீஸ் அடிக்க எங்கள் பையன்கள் துடிக்கிறார்கள். தடுக்கலாமா? (வாசகர், அல்சூர்)

தடுத்தே ஆக வேண்டும். அந்த மூன்று வார்த்தை, ஜெயித்த பிறகும் பதவியைப் பறித்துவிடும். மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. வேட்பாளரின் மொழி மட்டுமல்ல, வாக்காளரின் மொழியைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நோட்டீஸ் வேட்பாளரோ தேர்தல் ஏஜென்ட்டோ சம்மதித்து அடித்தது என்று நிரூபணமானால் வெற்றி ரத்தாகும். ஆறு ஆண்டுகள் வரை போட்டியிடவும் முடியாமல் போகலாம்.

உங்கள் வேட்பாளர் கன்னடத்தில் பதில் சொல்லட்டும். காகிதம் பார்க்காமல் மூன்று வாக்கியம் போதும்: எந்தப் பள்ளியில் படித்தார், எத்தனை வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறார், அந்தத் தெருவின் சாக்கடைக்கு என்ன செய்யப்போகிறார். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்த ஊர் பட்ட பாட்டை அறிந்தவர்கள், மொழிச் சண்டையில் ஒரு வார்த்தையைக்கூட அலட்சியமாக விடமாட்டார்கள். உங்கள் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையையே பாருங்கள். 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. இரு மாநில முதல்வர்களும் பேசி முடித்த பிறகு 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது.

வேட்பாளர் நிலத்தை வளைத்துப் போட்டார் என்று வாட்ஸ்அப்பில் பொய் சுற்றுகிறது. ‘கண்டுக்காதீங்க, தானா அடங்கிடும்’ என்கிறார் அவர். (வாசகி, ஸ்ரீராம்புரம்)

வசவு என்றால் விட்டுவிடலாம். இது குற்றச்சாட்டு, விடக்கூடாது. 2004-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜான் கெர்ரியின் வியட்நாம் போர்ச் சேவையைக் கொச்சைப்படுத்தி ஆகஸ்ட் தொடக்கத்தில் விளம்பரம் வந்தது. அவரே வாய் திறந்து மறுத்தது ஆகஸ்ட் 19 அன்று. அதற்குள் இரண்டு வாரம் அந்தப் பேச்சே ஓடிவிட்டது. அவர் தோற்றதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த இரண்டு வாரம் திரும்பக் கிடைக்கவில்லை.

முதலில் ஆதாரத்தைப் பிடியுங்கள். குரூப் பெயர், அனுப்பியவர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவர் உங்கள் போனில் பெயராகப் பதிந்திருந்தால் எண் விழாது. பெயரைத் தட்டி எண் தெரியும் பக்கத்தையும் தனியாக எடுங்கள். செய்தி தானாக மறையும்படி வைத்த குரூப்பில் 24 மணி நேரத்தில்கூட எல்லாம் போய்விடும், தள்ளிப்போடாதீர்கள். ‘பாருங்க இந்தப் பொய்யை’ என்று நீங்களே ஃபார்வர்டு செய்தால் பொய்யைப் பரப்பும் வேலையை நீங்கள் செய்கிறீர்கள்.

அடுத்து காகிதம். அந்த இடத்தின் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) நகலும் வரி ரசீதும் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். பதிலை ‘நான் நிலத்தை வளைக்கவில்லை’ என்று தொடங்காதீர்கள்; கேட்பவர் காதில் ‘வளைத்தார்’ என்பதுதான் நிற்கும். ‘இந்த இடம் இன்னார் பெயரில் இருக்கிறது, இதோ காத்தா’ என்று தொடங்கி நான்கு வரியில் முடியுங்கள். போன் எண், ஆதார் எண்ணை மறைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். பொய் வந்த குரூப்பில் மட்டும், கன்னடத்திலும் தமிழிலும், ஒரே ஒரு முறை. வராத இருபது குரூப்பில் பதிலைப் போட்டால், கேள்விப்படாதவருக்கும் நீங்களே கதை சொன்னதாகும்.

பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? இரவு பதினொரு மணிக்கு, களைத்துப்போய் வீடு வந்த வேட்பாளர் தானே டைப் செய்யும் இடத்தில். பதில் போடும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கட்டும். அவர் போடும் முன் இன்னொருவர் படிக்கட்டும்.

எங்கள் வேட்பாளர் மேல் உண்மையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அதை வைத்தே அடிக்கிறார்கள். (வாசகர், சிவாஜி நகர்)

வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் அந்த வழக்கு இருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ‘ஆமாம், வழக்கு இருக்கிறது, இந்தக் கோர்ட்டில், இந்த நிலையில்’ என்று அவரே முதலில் சொல்லட்டும். உண்மையைச் சொன்னவர் மேல் கோபப்பட இடமில்லை.

தெருமுனைக் கூட்டத்தில் நாலு பேர் வேண்டுமென்றே கத்துகிறார்கள். (வாசகர், ஆஸ்டின் டவுன்)

பேச்சை நிறுத்தி, மைக்கை இடுப்பளவுக்கு இறக்கிப் பத்து வினாடி நில்லுங்கள். கத்துபவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்போது கூட்டமே திரும்பிப் பார்க்கும். ‘அண்ணா, கேள்வியைக் கேளுங்க, பதில் சொல்றேன்’ என்று கூப்பிடுங்கள். மைக்கை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கேள்வியை ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லி, பதிலை அவருக்கு அல்ல, கூட்டத்துக்குச் சொல்லுங்கள். கல் விழுந்தால் அதோடு கூட்டத்தை முடித்துப் போலீசைக் கூப்பிடுங்கள்.

உங்கள் ஆட்கள் நாலு பேரை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். யார் மேலும் கை வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு போன் தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காமல் பதிவு செய்யட்டும். இல்லையென்றால் மறுநாள் சுற்றுவது, உங்கள் ஆள் தள்ளிய மூன்று வினாடி மட்டும்தான்.

புகாரை எங்கே கொடுப்பது? (வாசகி, மர்ஃபி டவுன்)

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் என்றால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலி, 1950 தொலைபேசி எண், தேர்தல் நடத்தும் அதிகாரி. பெங்களூருவின் ஐந்து மாநகராட்சிகளின் வார்டுத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்குச் சட்டமும் வேறு, சி-விஜிலில் போட்டுப் பயனில்லை. மேலே சொன்ன பிரிவும் இனிச் சொல்வதும் முதல் வகைக்கு.

அவதூறு நோட்டீஸ் கிடைத்தால் அடி ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தார், வெளியிட்டவர் இருவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அசல் தாளின் பின்பக்கம் எந்தத் தெரு, எத்தனை மணி, யார் கையில் கிடைத்தது என்று எழுதிவையுங்கள்.

தனிமனித நடத்தை பற்றிய பொய்யை, ஜெயித்த எதிர் வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு அவர் ஆட்களோ வெளியிட்டிருந்தால் 123(4) பிரிவின்கீழ் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். ‘ஆட்சி சரியில்லை’ என்ற விமர்சனம் இதில் வராது. யார், எங்கே, எந்தத் தேதியில் என்று மனுவில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பிரச்சாரத்தின் முதல் நாளிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு சம்பவத்துக்கு ஒரு பக்கம், அன்றிரவே எழுதி, பார்த்தவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.