அணையில் 5,000 கன அடி என்றால் என் கரையில் எத்தனை அடி?

கேள்வி: வணக்கம்ங்க. அத்தாணிக்குக் கீழே பவானிக் கரையில் எங்களுக்கு நாலு ஏக்கர். மஞ்சளும் கரும்பும் போடுகிறோம். கரையில் 7.5 ஹெச்பி மோட்டார் இருக்கிறது. போன வருஷம் பவானிசாகரில் 'வினாடிக்கு 5,000 கன அடி திறப்பு' என்று டிவியில் சொன்னதைக் கேட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மோட்டாரை மேட்டுக்கு ஏற்றினோம். தண்ணீர் ஒரு முழம்கூட ஏறவில்லை. ஒன்றுமே சொல்லாத இன்னொரு நாள் ஸ்டார்ட்டர் பெட்டி வரை முங்கிவிட்டது. இத்தனை கன அடி என்றால் எங்கள் கரையில் இத்தனை அடி ஏறும், இத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போட முடியுங்களா? அக்கா பையன் பாலத்தில் சென்சார் மாட்டிவிடலாம் என்கிறான். சரிப்படுங்களா?

பதில்: முடியும். ஆனால் அந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலும் ஆயத்தமாக இருக்காது. உங்கள் கரைக்கான கணக்கை நீங்கள்தான் எழுத வேண்டும். அடி, அங்குலம் குறித்து ஆற்றில் நடும் ஒரு கோலும் ஒரு நோட்டும் போதும்.

முதலில் அந்த இரண்டு ராத்திரிகளுக்கு வருகிறேன். டிவியில் சொல்லும் 'திறப்பு' பல சமயம் மொத்தக் கணக்கு. அதில் கீழ்பவானி வாய்க்காலுக்குப் போவதும் சேர்ந்திருக்கும். முழு அளவில் திறந்தால் அந்த வாய்க்கால் மட்டும் 2,300 கன அடி எடுத்துக்கொள்ளும். அது 200 கிலோமீட்டர் தனியாக ஓடுகிற வாய்க்கால். அதில் விட்ட தண்ணீர் உங்கள் மோட்டாரை எட்டிப்பார்க்காது. ஆற்றில் விடுவதிலும் ஒரு பங்கைக் கொடிவேரி அணைக்கட்டில் தடப்பள்ளி வாய்க்காலும் அரக்கன்கோட்டை வாய்க்காலும் இழுத்துக்கொள்ளும். காலிங்கராயன் வாய்க்காலுக்கு விடும் தண்ணீர் மட்டும் உங்கள் கரையைத் தாண்டித்தான் பவானி ஊர் வரை போயாக வேண்டும். ஆக, செய்தியைக் கேட்டதும் 'ஆற்றில் எவ்வளவு, வாய்க்காலில் எவ்வளவு' என்று பிரித்துக் கேளுங்கள். அந்த 5,000-இல் உங்களிடம் வந்தது பாதிகூட இருந்திருக்காது.

இரண்டாவது ராத்திரிக்கு அணை பொறுப்பாக இருக்க வேண்டியதில்லை. அணைக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை பள்ளங்கள் (ஓடைகள்) ஆற்றில் சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குண்டேரிப்பள்ளம் அணை நிரம்பி வழிந்தால் அந்த உபரி பவானியில்தான் சேரும். மலையடிவாரத்தில் சாயங்காலம் ஒரு மழை கொட்டினால் அணையில் ஒரு மதகும் திறக்காமலே ஆறு ஏறும். டிவிக்காரருக்கு அது தெரிய வழியில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'அணை 102 அடி' என்பது அணைக்குள் தேங்கி நிற்கும் தண்ணீரின் உயரம். சகதி நீங்கலாக 105 அடி முழு மட்டம். அக்டோபர் முடியும் வரை 102 அடிக்கு மேல் நிறுத்துவதில்லை. அதனால் அந்த மாதங்களில் 102-ஐத் தொட்டால், வருகிற தண்ணீரை வந்தபடியே வெளியேற்றுவார்கள். 102-ஐ இதற்காகக் கவனியுங்கள், சரி. மற்றபடி அதற்கும் உங்கள் கரை மட்டத்துக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை.

இனி கன அடி. ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி போகிறது என்றால் இரண்டு பெரிய குடம் தண்ணீர் ஒவ்வொரு வினாடியும் உங்களைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை அடி உயரம் நிற்கும் என்பது ஆற்றின் அகலத்தையும் வாட்டத்தையும் அடியில் கிடக்கும் மணல், பாறை, ஆகாயத்தாமரையையும் பொறுத்தது. அதே 3,000 கன அடி அகலமான இடத்தில் முழங்கால், இடுக்கில் கழுத்து. ஆனால் ஒரே இடத்துக்குள் ஒரு தோராயக் கணக்கு உண்டு: கரைக்குள் ஓடும் வரை, தண்ணீர் இரண்டு மடங்கானால் ஆழம் ஒன்றரை மடங்கு, நாலு மடங்கானால் ஆழம் இரண்டே கால் மடங்கு சொச்சம். 'நாலு மடங்கு திறந்துவிட்டார்கள்' என்று ஊர் பதறும்போது இரண்டடித் தண்ணீர் நாலரை அடி ஆகும், எட்டடி ஆகாது. கரை வழிந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

கோல் நடும் இடம்தான் பாதி வேலை. வளைவு இல்லாத, சுழல் இல்லாத, நேராக ஓடும் துண்டில் நடுங்கள். பாறையிலோ படித்துறைச் சுவரிலோ அடி, அங்குலம் கோடு போட்டு பெயின்ட் அடித்தாலும் சரி. பூஜ்யம் கோடை மட்டத்துக்கும் ஓரடி கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் மே மாதம் கோலுக்குத் தண்ணீர் எட்டாது. பிறகு ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து, டியூப் லெவல் வைத்து, கோலின் ஐந்தடிக் கோட்டைக் கரைமேல் இருக்கும் அசையாத கல் ஒன்றில் குறித்துக்கொள்ளுங்கள். இதை வேண்டாத வேலை என்று விட்டுவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கோலை மூன்று மாதம் படித்தேன். வெள்ளத்தில் சாய்ந்ததை யாரோ நிமிர்த்தி ஒன்பது அங்குலம் மேலே நட்டிருந்தார்கள். சரிபார்க்கக் கல் இல்லை. மூன்று மாதக் கணக்கும் குப்பைக்குப் போனது.

தண்ணீர் அலையடித்தால் ஒரு நிமிஷம் பார்த்து, ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் நடுவை எழுதுங்கள். காலை ஆறு, மாலை ஆறு. வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு தடவை. தூங்கும்போது ஏறி இறங்கியதைப் பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டங்குல பிவிசி குழாயை நெட்டுக்குத்தாகக் கட்டி, அடியில் நாலைந்து துளையும் மேல்மூடியில் காற்றுப் போக ஒரு துளையும் போடுங்கள். உள்ளே ஒரு மரச்சட்டம், ஒரு பிடி தக்கைத் தூள். தண்ணீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும். இறங்கும்போது எட்டிய உச்சத்தில் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் சட்டத்தை உருவி டேப் வைத்து அளந்தால் ராத்திரி உச்சம் கையில் இருக்கும்.

தண்ணீரின் அளவையும் நீங்களே எடுக்கலாம், வெள்ளம் இல்லாத நாளில் மட்டும். பரிசலில் போய் மூங்கிலை ஊன்றி ஆறேழு இடத்தில் ஆழம் பாருங்கள். அகலம் 130 அடி, சராசரி ஆழம் 4 அடி என்றால் குறுக்குப் பரப்பு 520 சதுர அடி. கரையில் 60 அடி இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றை மேல் குச்சிக்குச் சற்று மேலே ஆற்றில் போட்டு விடுங்கள். காலிக் குப்பி வேண்டாம், காற்று தள்ளிவிடும். தேங்காய் 24 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு இரண்டரை அடி. மேல்மட்டம்தான் வேகமாக ஓடும், அடி மெதுவாக ஊரும், அதனால் 0.85-ஆல் பெருக்குங்கள், 2.1 அடி. 520-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 1,100 கன அடி. நடுவில், இரு ஓரங்களில் என்று மூன்று காய் விட்டுச் சராசரி எடுத்தால் நல்லது. நோட்டில் 'கோல் 4 அடி 3 அங்குலம், 1,100' என்று ஒரு வரி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்தால், அதுதான் உங்கள் கரையின் கணக்கு.

சரி, எப்போது வரும்? திறந்த நேரத்தையும் உங்கள் கோல் அசையத் தொடங்கிய நேரத்தையும் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். தேங்காய் ஓடும் வேகத்தை வைத்து நேரம் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். வெள்ளத்தின் முகம் தண்ணீரைவிட வேகமாக வரும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காய்ந்து கிடக்கும் ஆற்றில் தாமதமாகும், ஏற்கெனவே ஓடும் ஆற்றில் சீக்கிரம் வரும். அதனால் அப்போது கோல் எத்தனை காட்டியது என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் பக்கத்தில் சவண்டப்பூரில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. அவர்கள் கணக்கு கடல்மட்டத்திலிருந்து மீட்டரில் இருக்கும். பெரிய எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து 3.28-ஆல் பெருக்கினால் அடி. அங்கே ஓரடி ஏறினால் உங்கள் கோலில் எவ்வளவு என்று ஒரு மழைக்காலம் ஒப்பிட்டுப் பாருங்கள். பவானி காவிரியில் சேரும் கூடுதுறைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பாதிதான் உதவும். மேட்டூரில் பெருவெள்ளம் திறந்தால் காவிரி உயர்ந்து, பவானித் தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து நிற்கும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி அளவுக்கு வந்தபோது அங்கே நடந்தது அதுதான்.

அக்கா பையன் ஆசையைக் கெடுக்க மாட்டேன். ஆனால் ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் மலிவான ஒலி சென்சார்கள் பல 4 மீட்டருக்கு மேல் எட்டாது. பாலம் அதைவிட உயரம். அப்புறம், ஒலியின் வேகம் வெயிலில் கூடும். விடியலில் 20 டிகிரி, மதியம் 40 டிகிரி என்றால் 20 அடி தூரத்துக்கு எட்டங்குலம் பிசகும். ஆறு அசையாமல் நிற்கும், சென்சார் ஏறி இறங்கும். வெப்பநிலைத் திருத்தம் உள்ளதாக வாங்கி, அதற்கு நேர் கீழே கோலும் இருக்கட்டும். பாலத்தில் மாட்ட நெடுஞ்சாலைத் துறையிடம் அனுமதி வேண்டும்.

மோட்டாருக்கு: கோலில் எத்தனை அடிக்கு ஸ்டார்ட்டர் நனைகிறது என்று பார்த்து, அதற்கு மூன்றடி கீழே சிவப்புக் கோடு போடுங்கள். கோட்டைத் தொட்டால் மோட்டார் மேட்டுக்கு, டிவி என்ன சொன்னாலும். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் பிறகு மணல் இடம் மாறியிருக்கும். மறுபடி ஆழம் பார்த்து, நோட்டில் ஒரு கோடு கிழித்து, புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.