முப்பது கிலோ தூக்குற ஹண்டிங் பேக்பேக்கை சென்னையிலேயே ஃபிட் பண்ணி டெஸ்ட் பண்றது எப்படி?

கேள்வி கேட்ட தம்பி சொன்னது இவ்ளோதான். அமெரிக்காவுல இருந்து வந்த மாமா ஃப்ரேம் வெச்ச வேட்டை பேக் ஒன்னு வாங்கிட்டு வந்திருக்காரு, ட்ரோன், பேட்டரி, ட்ரைபாட் எல்லாம் சேத்து 25ல இருந்து 30 கிலோ மலை மேல கொண்டு போகணும், சைஸ் சரியில்லன்னா மாமா மூணு வாரத்துல திரும்பிப் போறப்ப எடுத்துட்டுப் போய் மாத்திடுவாரு. அதுக்குள்ள இது தனக்கு செட் ஆகுமா ஆகாதான்னு வீட்ல இருந்தே எப்படி தெரிஞ்சுக்கறதுன்னு கேக்கறாரு.

நான் டாக்குமெண்டரி ஷூட்டுக்கு கேமரா தூக்கிட்டு அலையற ஆளு, வேளச்சேரி. எங்கிட்டயும் இதே ரகம் ஒன்னு அஞ்சு வருஷமா இருக்கு, மச்சான் குடுத்தது. அதுல முதல் ஆறு மாசம் தப்பா மாட்டிக்கிட்டே திரிஞ்சேன், அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

முதல்ல இந்த பேக் ஏன் இப்படி இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு சட்டத்தோட வேட்டை முடிஞ்ச கதை, அதனால நமக்கு இது பழக்கமில்ல. அங்க எல்க் மாதிரி பெரிய மானை அடிச்சா, ஒரு பின்னங்கால் மட்டுமே எலும்போட 25 கிலோ தாண்டும், ரோடு இல்லாத எடத்துல இருந்து அதை முதுகுலதான் கொண்டு வரணும். அதனால பை தனி, ஃப்ரேம் தனி. பையை ஃப்ரேம்ல இருந்து கொஞ்சம் பிரிச்சு, நடுவுல கறியை வெச்சு இறுக்கிக் கட்டறதுக்கு ஒரு தட்டு மாதிரி எடம் இருக்கும், ஷெல்ஃப்னு சொல்வாங்க. உங்க பேக்கோட உசுரே அந்த ஷெல்ஃப்தான். பேட்டரி பெட்டி எல்லாம் அங்கதான் போகணும், ஏன்னா வெயிட்டு முதுகை ஒட்டி இருக்கற வரைக்கும்தான் அது வெயிட்டு, ஒரு ஜாண் பின்னாடி போச்சுன்னா அது உங்களை பின்னாடி புடிச்சு இழுக்கற ஆளு.

சைஸ் விஷயம். உங்க ஹைட்டுக்கும் பேக் சைஸுக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது, முதுகு நீளம்தான் கணக்கு. தலையை நல்லா குனிங்க, கழுத்துக்குப் பின்னாடி ஒரு எலும்பு துருத்திக்கிட்டு நிக்கும், அங்க விரலை வைக்கச் சொல்லுங்க யாரையாச்சும். அப்புறம் ரெண்டு கையையும் இடுப்புல வெச்சு, அதாவது நம்ம அம்மாங்க சண்டைக்கு நிக்கற மாதிரி, கட்டைவிரல் ரெண்டும் பின்பக்கம் பாத்த மாதிரி, இடுப்பு எலும்போட மேல் விளிம்புல கை உக்காரணும். கட்டைவிரல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டா, அந்தக் கோட்டுல இருந்து கழுத்து எலும்பு வரைக்கும் முதுகோட வளைவு மேலயே டெய்லர் டேப்பை ஓட்டுங்க. அந்த அளவுக்குத்தான் ஃப்ரேம்ல தோள்பட்டை வார் ஏறி இறங்கணும். நான் அஞ்சு அடி ஏழு அங்குலம், என் தம்பி அஞ்சு அடி பத்து, ரெண்டு பேருக்கும் முதுகு ஒரே அளவு, அவனுக்கு கால்தான் நீளம்.

பெல்ட்டுதான் நம்ம ஆளுங்களுக்கு பேஜாரு. வெயிட்டுல பெரும்பங்கு இடுப்பு எலும்பு மேல உக்காரணும், தோள் சும்மா பேக் பின்னாடி சாயாம புடிச்சுக்கறதுக்கு மட்டும்தான். அதுக்கு பெல்ட்டோட பஞ்சுப் பகுதியில பாதி எலும்பு விளிம்புக்கு மேலயும் பாதி கீழயும் வர்ற மாதிரி கட்டணும். பேண்ட் போடற எடத்துல கட்டாதீங்க, அது கீழ. நான் அங்கதான் கட்டினேன். கொல்லிமலையில ஒரு ஷூட்டு, 24 கிலோ, மூணு மணி நேரம், நழுவுது நழுவுதுன்னு இறுக்கிக்கிட்டே போனேன், சாயங்காலம் பாத்தா வலது தொடையோட வெளிப்பக்கம் மரத்துப் போச்சு, கிள்ளினா தெரியல. பயந்துட்டேன். டாக்டர் சொன்னாரு, இடுப்பு எலும்போட முன் முனை கிட்ட தொடைக்குப் போற ஒரு நரம்பு இருக்கு, பெல்ட்டு அதை நசுக்கியிருக்குன்னு. மூணு வாரம் ஆச்சு உணர்ச்சி முழுசா திரும்ப.

இன்னொன்னு, பெல்ட்டை முழுசா இறுக்கினப்புறம் முன்னாடி ரெண்டு பக்கத்து பஞ்சுக்கும் நடுவுல நாலு விரலாவது கேப் இருக்கணும். ரெண்டும் வந்து ஒன்னோட ஒன்னு முட்டிக்கிச்சுன்னா கதை முடிஞ்சுது, அதுக்கு மேல எவ்ளோ இழுத்தாலும் இறுகாது, வெயிட்டு தோளுக்கு வந்துடும். அமெரிக்க மீடியம் பெல்ட்டு நம்மள்ல ஒல்லியா இருக்கறவங்களுக்கு அப்படித்தான் முட்டும். மாமா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய முதல் விஷயமே இதுதான், நிறைய கம்பெனிகள்ல பெல்ட்டை மட்டும் தனியா மாத்திக்கலாம், மொத்த பேக்கையும் திருப்பி அனுப்பத் தேவையில்ல.

மாட்டற வரிசையும் முக்கியம். எல்லா வாரையும் லூஸ் பண்ணிட்டு, முதல்ல பெல்ட்டு, அப்புறம் தோள் வார், அப்புறம் தோளுக்கு மேல இருந்து ஃப்ரேம் உச்சிக்குப் போற சின்ன வார், கடைசியா நெஞ்சு வார். அந்த சின்ன வார் தோள்ல இருந்து சாய்வா மேல ஏறிப் போகணும், சைடுல ஒரு ஃபோட்டோ எடுத்துப் பாத்தா கிட்டத்தட்ட 45 டிகிரி. தோள் வாரை முதுகு அளவுக்கு சரியா வெச்சும் அது படுத்துக்கிச்சுன்னா ஃப்ரேம் உங்களுக்கு குட்டைன்னு அர்த்தம், வாரை இழுத்தோ தளர்த்தியோ அதை சரி பண்ண முடியாது. நெஞ்சு வாரை கழுத்தெலும்புக்கு ரெண்டு விரல் கீழ வெச்சுட்டு மறந்துடுங்க, மூச்சு முட்டற அளவுக்கு இறுக்காதீங்க.

இதெல்லாம் காலி பையில பாத்தா ஒன்னுமே தெரியாது. காலி பேக் எல்லாருக்கும் ஃபிட்டாத்தான் இருக்கும், தலையணை அடைச்சுப் பாத்தாலும் அப்படித்தான், கடையில அஞ்சு நிமிஷம் மாட்டிப் பாத்துட்டு "செம கம்ஃபர்ட்"னு சொல்றதெல்லாம் சும்மா. நெஜ வெயிட்டு ஏத்தினாதான் பெல்ட்டு நழுவுதா, ஃப்ரேம் வளையுதா, கிரீச் கிரீச்னு கத்துதான்னு தெரியும்.

வெயிட்டுக்கு நான் முதல்ல அரிசி மூட்டைதான் எடுத்தேன். 25 கிலோ சிப்பம் இருக்கும்ல, இப்ப அது நிறைய கடையில 26 கிலோ, 2022ல 25 கிலோ வரைக்கும் இருக்கற பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டி போட்டதும் மில்லுக்காரங்க ஒரு கிலோவை ஏத்தி தப்பிச்சுக்கிட்டாங்க. அதை அப்படியே பைக்குள்ள எறக்கினேன், அது கீழ சரிஞ்சு பூசணிக்கா மாதிரி குண்டி மேல உக்காந்துக்கிச்சு. பேக்கே மோசம்னு மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜ்ல திட்டி அனுப்பிட்டேன், தப்பு என்மேல. அரிசியா இருந்தா பழைய பெட்ஷீட்ல கல்லு மாதிரி இறுக்கிச் சுத்தி, டேப் போட்டு, ஷெல்ஃப்ல நெட்டுக்குத்தா நிறுத்தி, சைடு வாரையெல்லாம் இழுத்துக் கட்டணும். கனமானது தோள்பட்டை எலும்புங்களுக்கு நடுவுல வர்ற உயரத்துல இருந்தா பாதையில நடக்க சுகம், பாறை மேல தாவி ஏறற எடம்னா கொஞ்சம் கீழ எறக்கிக்கிட்டா பேலன்ஸ் போகாது.

அதைவிட பெஸ்ட்டு நம்ம 20 லிட்டர் தண்ணி கேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கே போட வேண்டாம், உங்க பேட்டரி பெட்டி மாதிரியே கட்டியான உருப்படி. முழுசா நிரப்பினதா இருக்கணும். எங்க அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் கிடையாது, நான் கேனை முதுகுல கட்டிக்கிட்டு மூணு மாடி ஏறி எறங்கறதை கேன் போடற அண்ணன் ரெண்டு நாளா பாத்துட்டு மூணாவது நாள் நிறுத்திக் கேட்டாரு, "இன்னா சார், சும்மா ஏறி எறங்கறதுக்கு என்கூட வந்தா நாலு வூட்டுக்கு கேனாச்சும் போட்டுறலாம்ல?" அப்புறம் அவரே என் கேனைத் தட்டிப் பாத்தாரு, நான் வெயிட்டை கொறைக்க கொஞ்சம் தண்ணி கொட்டியிருந்தேன். "முக்கா கேனுதான் சார் முழு கேனை விட பாரம், உள்ள குலுங்கி ஆளை சாய்ச்சுரும்." முழுசா நிரப்பிட்டுப் போனேன், வெயிட்டு கூட இருந்தும் நடை நேரா இருந்துச்சு.

டெஸ்ட் பண்ற விதம் இதுதான், பெருசா ஒன்னுமில்ல. முதல் நாள் 10 கிலோ, ரெண்டு நாள் கழிச்சு 15, அப்புறம் 20, மூணாவது வாரம்தான் 28, 30. எடுத்த எடுப்புல 30 வேண்டாம், அது பேக்கை டெஸ்ட் பண்ணாது, உங்க முதுகைத்தான் டெஸ்ட் பண்ணும். காலையில அஞ்சரைக்கு ஆரம்பிங்க, நம்ம ஊர் புழுக்கத்துல எட்டு மணிக்கு மேல வேர்க்குருதான் மிச்சம். ஒரு தடவைக்கு குறைஞ்சது முக்கா மணி நேரம் கழட்டாம நடக்கணும், பிரச்சினை எல்லாம் அரை மணிக்கு அப்புறம்தான் தலை காட்டும். ஏறும்போது ஒரு தடவை நிமிந்து மேல் படியைப் பாருங்க, தலை ஃப்ரேம்ல இடிக்குதான்னு. நடுவுல ஒரு எடத்துல தோள் வாரை ரெண்டையும் முழுசா தளர்த்துங்க, பேக் கீழ எறங்காம இடுப்பு மேலயே நின்னா பெல்ட்டு வேலை செய்யுது, சர்ருனு எறங்கினா இல்ல.

ஒரு சின்ன டெக்னிக், என் பொண்டாட்டியோட நெயில் பாலிஷை எடுத்து (கேட்டுட்டுதான்) ஒவ்வொரு பக்கிள் பக்கத்துலயும் வார் மேல ஒரு கோடு போட்டேன். அரை மணி நடந்துட்டு வந்து பாத்தா தோள் வார் கோடு அங்கேயே இருந்துச்சு, இடது பெல்ட்டு கோடு ஒரு விரல் அளவு தள்ளிப் போயிருந்துச்சு, அந்த பக்கிள் தேஞ்சிருந்தது. அது தெரியாம எத்தனை நாள் எனக்குத்தான் இடுப்பு கோணல்னு நெனச்சிட்டிருந்தேன்.

வீட்டு மாடிக்கு அப்புறம் பரங்கிமலை படி, நூத்திச் சொச்சம் இருக்கும், நாலஞ்சு ரவுண்டு போனா போதும். பெசன்ட் நகர் பீச் மணல்ல ஒரு அரை மணி, மணல்ல கால் புதையும்போதுதான் பேக் சைடுல ஆடுதான்னு தெரியும். கடைசி ஞாயித்துக்கிழமை திருக்கழுக்குன்றம், ஐநூத்துக்கு மேல படி, முழு வெயிட்டோட. எறங்கும்போது முட்டியை கவனிங்க, ஏர்றதைவிட அதுதான் வாங்கும்.

வலிச்சா எங்க வலிக்குதுன்னு பாத்து ஒரே ஒரு வாரை மட்டும் மாத்துங்க, நாலையும் ஒரே நேரத்துல மாத்தினா எது சரியாச்சுன்னே தெரியாது. தோள் மேல எரிஞ்சா பெரும்பாலும் குத்தம் பெல்ட்டோடது, நழுவியிருக்கும். விரல் நுனி ஜிவ்வுனு இருந்தா தோள் வார் அக்குள்ல அறுக்குது, உடனே தளர்த்துங்க, அதைத் தாங்கிக்கிட்டு நடக்கறது வீரம் கிடையாது, நரம்பு விஷயம். நடு முதுகுக்குக் கீழ வலிச்சா வெயிட்டு முதுகை விட்டுத் தள்ளிப் போயிருக்கு.

தூக்கற விதத்தையும் சொல்லிடறேன். 30 கிலோவை தரையில இருந்து ஒரு கையால சுழட்டி மாட்டாதீங்க, இடுப்பு புடிச்சுக்கும். அந்தக் காலத்துல வழியில சுமைதாங்கிக் கல் வெச்சாங்கல்ல, ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்க வெச்சு, பிள்ளைத்தாச்சியா செத்துப்போன பொண்ணுங்க நினைவா வெக்கறது, தலைச்சுமைக்காரன் யார் உதவியும் இல்லாம எறக்கி திரும்ப ஏத்திக்கறதுக்கு. அதே கணக்குதான், மாடிச் சுவர், பாறைத் திட்டு, வண்டி டிக்கி, இடுப்பு உயரத்துல ஏதாச்சும் இருந்தா அது மேல வெச்சு முதுகைக் குடுத்து மாட்டுங்க. ஒன்னுமே இல்லன்னா தரையில உக்காந்து மாட்டிக்கிட்டு, பக்கவாட்டுல உருண்டு மண்டி போட்டு எழுந்திரிங்க. பாக்க காமெடியா இருக்கும், பரவால்ல. ஓடை தாண்டறப்ப பெல்ட்டையும் நெஞ்சு வாரையும் கழட்டி விட்டுடுங்க, வழுக்கி விழுந்தா பேக்கை உதறிட்டு எழுந்திரிக்க முடியணும்.

பேக் காமோ டிசைன்னா, அதாவது ராணுவ உடுப்பு மாதிரி இலை தழை டிசைன்னா, மேல ஒரு சாதா ரெயின் கவர் போட்டுக்கோங்க, ஃபாரஸ்ட் செக்போஸ்ட்ல என்னை அரை மணி நேரம் நிக்க வெச்சு "எதுக்கு சார் இந்த பேக்"னு கேட்டிருக்காங்க. அதுல "ஹண்டிங்"னு லேபிள் வேற இருந்துச்சு, பிளேடால பிரிச்சு எடுத்துட்டேன்.

மாமாகிட்ட முதல் வாரத்துலயே மூணு விஷயம் சொல்லி வெச்சுடுங்க. உங்க முதுகு அளவு, பெல்ட்டு இறுக்கினப்புறம் முன்னாடி எவ்ளோ கேப், சின்ன வார் மேல ஏறுதா படுக்குதான்னு ஒரு சைடு ஃபோட்டோ, 15 கிலோ ஏத்திட்டு எடுத்தது. கேப் மட்டும் இல்லன்னா சின்ன பெல்ட்டு ஒன்னு கேளுங்க. வார் படுத்துக்கிச்சுன்னா ஃப்ரேமே மாத்தணும், அப்படின்னா டேக்கை பிச்சுடாதீங்க, மணல் பீச்சுக்கும் இப்போதைக்கு கொண்டு போகாதீங்க.