ஆறு ரன்னும் ஒரு கோல் கம்பமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி விளையாட்டைப் பற்றியவை. 2025ஆம் ஆண்டின் மாலைகளைக் கிரிக்கெட்டுக்கும் நள்ளிரவுகளைக் கால்பந்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டவன் என்ற ஒரே தகுதியோடு பதில் சொல்கிறேன்.

கேள்வி: இங்கிலாந்துக்கு எதிரான தொடரின் கடைசிப் போட்டியான ஓவல் டெஸ்டின் நான்காம் நாள், ஹாரி புரூக் கொடுத்த கேட்சைப் பிடித்துக்கொண்டே எல்லைக்கோட்டை மிதித்த முகமது சிராஜைத் தாங்கள் அன்று திட்டினீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லவும்.
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: திட்டினேன். அச்சில் ஏற்ற முடியாத சொற்களும் அவற்றில் இருந்தன. அப்போது இங்கிலாந்து 374 ரன் இலக்கை நோக்கி மூன்று விக்கெட் இழப்புக்கு 137 ரன் எடுத்திருந்தது. புரூக் 19 ரன்னில் இருந்தார். பிரசித் கிருஷ்ணா வீசிய பந்தை அவர் தூக்கி அடிக்க, எல்லையோரம் நின்ற சிராஜ் அதைப் பதற்றமில்லாமல் பிடித்தார். பந்து வீசியவர் கொண்டாடவே தொடங்கிவிட்டார். பிடித்த வேகத்தில் பின்னால் போன ஒரு பாதம் எல்லைக்கோட்டு மெத்தையைத் தொட்டதால், விக்கெட்டாக வேண்டிய பந்து சிக்ஸராகிவிட்டது. புரூக் 111 ரன் வரை போனார், ஜோ ரூட்டும் சதம் அடித்தார். அன்று மாலை ஆட்டம் நின்றபோது இங்கிலாந்துக்கு வேண்டியிருந்தவை 35 ரன், கையில் நான்கு விக்கெட். அந்த நான்கில் ஒன்று, முதல் நாளே தோள்பட்டை விலகி ஆட்டத்தைவிட்டு வெளியேறிய கிறிஸ் வோக்ஸுடையது.

மறுநாள், ஆகஸ்ட் 4 அன்று, சிராஜ் ஜேமி ஸ்மித்தையும் ஓவர்ட்டனையும் வீழ்த்தினார். ஜோஷ் டங்கின் ஸ்டம்பைப் பிரசித் பெயர்த்தார். 17 ரன் தேவை என்ற நிலையில், ஒரு கையைத் தூளியில் கட்டிக்கொண்டு மறுகையில் மட்டையோடு வோக்ஸ் இறங்கி வந்தார். அதன்பின் கஸ் அட்கின்சன் ஓங்கி அடித்த ஒரு பந்து, எல்லையில் நின்ற ஆகாஷ் தீப்பின் கைகளில் பட்டும் அடங்காமல் அப்பால் போய்ச் சிக்ஸரானபோது, நான் புரூக்கின் கேட்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சிராஜின் யார்க்கர் அட்கின்சனின் ஸ்டம்பைச் சாய்த்தது. இந்தியா ஆறு ரன்னில் வென்றது. ரன் கணக்கில் டெஸ்ட் போட்டிகளில் இந்தியாவின் மிகக் குறுகிய வெற்றி அதுதான். தொடர் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஐந்து டெஸ்டுகளிலும் ஆடியது, தொடரில் 23 விக்கெட், கடைசி இன்னிங்ஸில் 104 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் ஆகிய இவை எவையும், அந்தச் சிக்ஸருக்குப் பிறகு இன்னொரு சிக்ஸர் போய் இந்தியா தோற்றிருந்தால் மாறியிருக்கப் போவதில்லை. ஆனால் இன்று 'விடாமுயற்சியின் வடிவம்' என்று நாம் புகழும் அதே மனிதரை, அதே ஐந்து விக்கெட்டுகளோடும், 'கால் வைக்கத் தெரியாமல் தொடரைத் தொலைத்தவர்' என்று நாமே எழுதியிருப்போம். நானும் எழுதியிருப்பேன். முதல் வரியை மனதுக்குள் தயாராகவே வைத்திருந்தேன்.

கேள்வி: லார்ட்ஸ் டெஸ்டில் ஜடேஜா கொஞ்சம் அடித்து ஆடியிருந்தால் வென்றிருக்கலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். தங்கள் கருத்து?
(வாசகி, மதுரை)

பதில்: தங்கள் அண்ணன் தனியாக இல்லை, அன்றிரவு அவருக்குப் பெரிய கூட்டம் துணையிருந்தது. அதே இங்கிலாந்துத் தொடரின் அந்த டெஸ்டில், 193 ரன் இலக்கில் கடைசி நாள் மதிய உணவு வேளைக்கு இந்தியா எட்டு விக்கெட் இழந்து 112 ரன்னில் நின்றது. அங்கிருந்து 54 பந்துகளைத் தடுத்து நின்ற பும்ராவையும், 30 பந்துகளைத் தடுத்து நின்ற சிராஜையும் வைத்துக்கொண்டு, தோல்வியை 22 ரன் தொலைவு வரை இழுத்துக்கொண்டு வந்தவர் ஜடேஜா. அவர் 61 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் சோயிப் பஷீரின் பந்தைச் சிராஜ் மட்டையின் நடுவிலேயே வாங்கித் தரையில் இறக்கினார். அது சுழன்று பின்னால் உருண்டுபோய் ஸ்டம்பில் மெல்லத் தட்டியது. ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸ் கீழே விழாமல் இருந்திருந்தால் ஜடேஜாவின் நிதானத்தைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கச் சொல்லியிருப்போம். மாறாக, அவர் இருபதாவது பந்தில் சிக்ஸர் அடிக்கப் போய் எல்லையில் பிடிபட்டிருந்தால் 'எதிர்முனையில் பும்ரா நிற்கும்போது என்ன அவசரம்?' என்று முதலில் கேட்பவர் தங்கள் அண்ணனாகத்தான் இருப்பார். பஷீரின் பந்துகளையாவது இன்னும் துணிந்து அடித்திருக்கலாம் என்ற ஒரு சிறு குறை எனக்கும் உண்டு. அது குறைதான், குற்றச்சாட்டு இல்லை.

கேள்வி: நம் வாஷிங்டன் சுந்தரை ஏன் யாரும் பேசவில்லை?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மான்செஸ்டரில் பேசினார்களே. 311 ரன் பின்தங்கி, முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் இரண்டு விக்கெட்டைப் பறிகொடுத்த இந்தியா அந்த டெஸ்டைத் தோற்காமல் காப்பாற்றியது. இறுதியில் இங்கிலாந்து அணித்தலைவர் பென் ஸ்டோக்ஸ் கைகுலுக்கி முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டபோது ஜடேஜாவும் சுந்தரும் மறுத்துவிட்டு, இருவருமே சதத்தை முடித்த பிறகுதான் களத்தைவிட்டு நகர்ந்தார்கள். சுந்தருக்கு அது முதல் டெஸ்ட் சதம்.

பேசாமல் விட்டது ஓவலைத்தான். இரண்டாம் இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் விழுந்த பிறகு, பிரசித் கிருஷ்ணாவை எதிர்முனையில் நிறுத்திவிட்டு, சுந்தர் அடித்து ஆடிச் சேர்த்த கடைசிக் கூட்டணி 39 ரன். அதில் பிரசித்தின் பங்கு பூஜ்யம். வெற்றி ஆறு ரன்னில் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த 39ஐத் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: கிரிக்கெட்டா, கால்பந்தா? ஏதேனும் ஒன்றைச் சொல்லவும்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஜூலை 3 அன்று போர்ச்சுகல் வீரர் டியாகோ ஜோட்டா ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்தார். அவர் போர்ச்சுகல் அணியோடு நேஷன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் லார்ட்ஸில் விக்கெட் எடுத்த சிராஜ், விரல்களால் 2 என்றும் 0 என்றும் காட்டி வானத்தைப் பார்த்தார். லிவர்பூலில் ஜோட்டாவின் எண் 20. ஓவலின் கடைசிக் காலையில் ரொனால்டோவின் 'நம்பு' என்ற வாசகம் கொண்ட படத்தைத் தேடியெடுத்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டு களத்துக்கு வந்தவரும் அவரே. அவராலேயே பிரிக்க முடியாததை என்னால் எப்படிப் பிரிக்க முடியும்?

கேள்வி: இன்டர் மிலானுக்கும் பார்சிலோனாவுக்கும் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை முழுவதும் பார்த்தீர்களா? மூன்றாவது கோலோடு உறங்கப் போன எனக்கு ஆறுதல் சொல்லவும்.
(வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 87ஆவது நிமிடத்தில் ரஃபீன்யா கோல் அடித்து, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்சிலோனா 6–5 என முன்னேறியதும் தொலைக்காட்சியை அணைத்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். நம் கடிகாரத்தில் அப்போது அதிகாலை இரண்டரையை நெருங்கிக்கொண்டிருந்தது, குற்றம் சொல்ல முடியாது.

முதல் ஆட்டம் பார்சிலோனாவில் 3–3. தொடங்கிய முப்பதாவது நொடியில் இன்டரின் மார்க்கஸ் துராம் குதிகாலால் அடித்த கோலும், பார்சிலோனாவின் 17 வயது லமீன் யமால் தனியாளாகப் புகுந்து அடித்த கோலும் அந்த இரவுக்கே போதுமானவை. மே 6 அன்று தன் சொந்த மைதானமான சான் சிரோவில் இன்டர் முதல் பாதியில் இரண்டு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பார்சிலோனா மூன்றைத் திருப்பிப் போட்டது. தாங்கள் உறங்கிய பிறகு நடந்தவை இரண்டு. கூட்டப்பட்ட நிமிடங்களில் யமால் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதற்குச் சற்றுப் பின், முன்களத்துக்கு ஓடிவந்திருந்த இன்டரின் 37 வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர் பிரான்செஸ்கோ அச்செர்பி, புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர், டம்ஃப்ரீஸ் அனுப்பிய பந்தை, தமக்குப் பழக்கமில்லாத வலது காலால் வலைக்குள் ஏற்றினார். சாம்பியன்ஸ் லீகில் அவர் அடித்த முதல் கோல் அது. கூடுதல் நேரத்தில், 99ஆவது நிமிடத்தில், ஃப்ராத்தேசி முடித்துவைத்தார்: மொத்தம் 7–6.

மறுநாள் எல்லா வாய்களும் பார்சிலோனா பயிற்சியாளர் ஹான்ஸி ஃப்ளிக்கைப் பிடித்துக்கொண்டன. தற்காப்பு வரிசையை நடுக்களம் வரை ஏற்றி நிறுத்துவது தற்கொலை என்றும், முன்னிலை பெற்ற பிறகு பின்வாங்கி அடைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றும் கூறினார்கள். ஓரளவுக்கு உண்மை, ஏழு கோல் வாங்கிய அணியின் தற்காப்பு நன்றாக இருந்தது என்று சொல்ல நான் அவருடைய வழக்கறிஞர் இல்லை. ஆனால் அதே உயர்ந்த வரிசையை வைத்துக்கொண்டுதான் அந்தப் பருவத்தில் ஸ்பெயின் லீகையும் அரசர் கோப்பையையும் பார்சிலோனா வென்றது. யமாலின் பந்து அரைச் சாண் உள்ளே போயிருந்தால் அந்த வரிசைக்குத் 'துணிச்சல்' என்று பெயர் வைத்திருப்பார்கள். கம்பத்தில் பட்டதால் 'அகம்பாவம்' ஆயிற்று. உத்தியை எடைபோட வேண்டிய இடத்தில் நாம் கம்பத்தின் கனத்தை எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அப்படியானால் இறுதிப் போட்டியையும் மயிரிழை என்பீர்களா?
(வாசகி, சேலம்)

பதில்: பாரிஸ் 5, இன்டர் 0. ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டங்களிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அது. 19 வயது தெசிரே துவே மட்டும் இரண்டு கோல் அடித்து, முதல் கோலுக்கும் வழிசெய்து கொடுத்தார். அங்கே எந்த இழையும் இல்லை. நான் இடைவேளையிலேயே உறங்கப் போனேன். புதுச்சேரி வாசகர் பொறுத்தருள்க.

கேள்வி: மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெமிமா தந்த கேட்சுகளை ஆஸ்திரேலியா நழுவவிட்டதால்தான் இந்தியா வென்றது என்று அலுவலகத்தில் வாதிடுகிறார்கள். என்ன பதில் சொல்வது?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: நழுவவிட்டது உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 82 ரன்னில் அலிஸா ஹீலியின் கையிலிருந்து நழுவியது. சதத்துக்குப் பிறகும் ஒரு வாய்ப்பு நழுவியது. பிறகு இதையும் சொல்லுங்கள்: 339 ரன் இலக்கை மகளிர் ஒருநாள் போட்டிகளில் அதுவரை எந்த அணியும் எட்டியதில்லை. அதை எட்டுவதற்கு 127 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றவர், அதே போட்டித் தொடரில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்தார். லீக் சுற்றில் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்ற அணி அது. அதிர்ஷ்டம் ஒரு கேட்சைத் தரலாம், அதற்குப் பின் வரும் பந்துகளை ஆடித் தராது.

நவம்பர் 2 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நடந்த இறுதியாட்டத்தை நான் இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. பிரதிகா ராவல் காயமடைந்ததால் மட்டுமே அணிக்குள் அழைக்கப்பட்ட ஷஃபாலி வர்மா 87 ரன் அடித்ததோடு, பந்து வீசி இரண்டு விக்கெட்டும் எடுத்தார். தீப்தி சர்மா அரைச்சதமும் ஐந்து விக்கெட்டும். சதம் கடந்து நின்ற லாரா வோல்வார்ட் அடித்த பந்து அமன்ஜோத்தின் கைகளிலிருந்து எகிறி, மறுபடி எகிறி, மூன்றாம் முயற்சியில் ஒற்றைக் கையில் அடங்கிய அந்த நொடியில், 2017இல் லார்ட்ஸில் ஒன்பது ரன்னில் தோற்ற இறுதியாட்டம் என் நெஞ்சில் வந்து போனது. 52 ரன் வெற்றி என்று அட்டவணை சொல்கிறது. பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு பெரிய எண்ணாகத் தோன்றியிருக்காது.

கேள்வி: ஐரோப்பியக் கழகங்களுக்காகக் கண்விழிக்கும் நீங்கள், இந்தியக் கால்பந்து அணியைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?
(வாசகர், சென்னை வியாசர்பாடி)

பதில்: வலிக்கிறது என்பதால். வங்கதேசத்தோடு ஷில்லாங்கில் கோலில்லாச் சமநிலை. ஹாங்காங்கில் கூட்டப்பட்ட நேரத்தில் வந்த பெனால்டியால் தோல்வி. அக்டோபர் 14 அன்று மட்காவில் சாங்தே முதல் கோலை அடித்துக்கொடுத்தும் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோல்வி. அத்தோடு 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு மூடியது. 2024இல் விடைபெற்ற சுனில் சேத்ரியை, நாற்பது வயதில் மீண்டும் அழைத்து வந்து நிறுத்த வேண்டிய நிலையில் இருந்த அணிக்குக் கம்பத்தையோ கடைசி நிமிடத்தையோ காரணம் காட்டினால், மேலே எழுதியதையெல்லாம் நான் ஏமாற்றுக்குப் பயன்படுத்துகிறேன் என்று பொருள். ஒரு ஆட்டம் இழையில் போகலாம், ஒரு தகுதிச்சுற்று முழுவதும் இழையில் போவதில்லை. தேசிய லீகே உரிய மாதத்தில் தொடங்காத நாட்டில், முன்கள வீரர் கோல் அடிக்கவில்லை என்று அவரைத் திட்டுவதில் பயனில்லை.

மகளிர் அணியைப் பற்றி மகிழ்ச்சியாகவே எழுதலாம். ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று, தகுதிச்சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை.

கேள்வி: எதிரணியைக் கைதட்டிப் பாராட்டியதுண்டா?
(வாசகர், சென்னை திருவல்லிக்கேணி)

பதில்: தங்கள் பேட்டையிலிருந்தே இந்தக் கேள்வியா! 1999 ஜனவரி 31 அன்று, சச்சின் 136 ரன் அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற பிறகு, சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்ததே. சச்சின் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டவை வெறும் 17 ரன். ஓவலில் வோக்ஸ் இறங்கியபோதும் தேவை 17 என்று திரையில் பார்த்ததும் எனக்கு அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்டது. ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ரன்னுக்கு ஓடிய அந்த மனிதருக்காக நானும் வீட்டில் தனியாகக் கைதட்டினேன்.

கேள்வி: ஆட்டம் பார்க்கும்போது தங்களுக்கு மூடநம்பிக்கை ஏதும் உண்டா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: இவ்வளவு நேரம் பகுத்தறிவோடு எழுதியவனை இப்படி மாட்டிவிடலாமா? புரூக்கின் கேட்ச் சிக்ஸரானபோது நான் வழக்கமான பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே மறுநாள் பிற்பகல் அந்த நாற்காலியைத் தொடாமல், ஆட்டம் நடந்த ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரமும் வாசற்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த டெஸ்டுக்கும் அங்கேயே நின்றால் பால்காரர் வரும்போது கதவைத் திறக்கத் தனியாக ஆள் வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.